நாலாம் நம்பர் பாலகுரு

ஒரு நாள் காலை ரத்தினபாய் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லி, கண்ணைத் திறந்தபோது திரையில் தமிழ் இருந்தது.

குரோம்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் பாத்திரக்கடை மாடியில் அவர் நடத்துகிற பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். வாசலருகே மேஜைமேல் இருக்கிற ஏழாவதுதான் காவல்காரன் மாதிரி. எந்த நம்பரில் ஆள் உட்கார்ந்தது, யாருக்கு நேரம் முடிந்தது என்பதையெல்லாம் அது ஆங்கிலத்தில் சொல்லும். ரத்தினபாய் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வீட்டுக்காரர் போன பிறகு கடையை எடுத்து நடத்துகிறவர். வேதம் வாசிக்கிற தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டி முடிப்பதற்குள் அந்தச் செய்தி மறைந்துவிடும். பக்கத்தில் யாராவது பிள்ளைகள் இருந்தால் "இது என்ன சொல்லுது கண்ணு?" என்று கேட்பார். கேட்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று கூசும். அன்றைக்கு அதே கம்ப்யூட்டர், "மூன்றாம் நம்பர் நேரம் முடிந்தது" என்று பளிச்சென்று சொன்னது.

ஆண்டவர் கிருபை என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த கொழுந்தனார் வேலையாக இருக்கும் என்று போன் போட்டு நன்றி சொன்னார். அவரும் ஒன்றும் மறுக்காமல் நன்றியை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துப் பிரிண்டரில் தாள் தீர்ந்தபோது, "தாள் இல்லை அக்கா" என்று வந்தது. அந்த 'அக்கா'வில் பிடிபட்டது. கடைக்கு வருகிற அத்தனை பிள்ளைகளும் அவரை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா என்பவன் ஒருவன்தான். நாலாம் நம்பரில் உட்காருகிற பாலகுரு.

கேட்டதற்கு அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "ஆமாக்கா. முப்பது முப்பத்தஞ்சு வார்த்ததான்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

இது ஒன்றை முதலில் சொல்லிவிட்டேன். இனி அவன் மனிதரைப் படுத்துகிற பாட்டைச் சொல்லலாம்.

பாலகுருவுக்கு நாலாம் நம்பர்தான் வேண்டும். மற்ற ஐந்தும் காலியாகக் கிடந்தாலும் அது ஆகாது. அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் போய் நிற்பான். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே முதுகு அரித்து எழுந்துவிடுவார்கள். உடனே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சக்கரம் வைத்த நாற்காலியின்மேல் சம்மணம் போட்டு உட்காருவான். சட்டைப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துப் போடுவான். உடனே திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்துகள் எறும்புச் சாரை மாதிரி ஓடும். அவன் போன பிறகு அந்த இடத்தில் உட்காருகிறவர்கள், "ஆன்ட்டி, சிஸ்டம் செத்துப்போச்சு" என்று கத்துவார்கள். பேரனுடைய பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த ஒரு பெரியவர், அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டுப் பையன் தவறிவிட்டான் என்றே முடிவுகட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் கோவளத்துக்காரன். அம்மா குப்பம்மா கடற்கரையில் மீன் விற்கிறவர். கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து தாம்பரம், அங்கிருந்து குரோம்பேட்டை என்று மூன்று பஸ் மாறிக் கல்லூரிக்கு வருவான். வாரத்தில் ஒரு நாள், "அம்மா குடுத்துது" என்று சங்கரா மீனோ வவ்வால் மீனோ ஒரு பாலிதீன் பையில் கொண்டுவருவான். அதை ரத்தினபாய் கையில் கொடுத்தால் ஆகாதா? கெட்டுப்போகக் கூடாது என்று ஏசி காற்று நேராக விழுகிற இடம் பார்த்து, ஒன்றாம் நம்பர் மேஜைக்கு அடியில் வைப்பான். வைத்ததைச் சொல்லவும் மறந்துவிடுவான். ஜன்னல் எல்லாம் அடைத்த அறை. அமெரிக்காவில் இருக்கிற மகளிடம் பேச வந்த மாமி ஒருவர், மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார்.

உள்ளே வரும்போது வணக்கமோ, எப்படி இருக்கிறீர்கள் என்றோ கிடையாது. நேற்று விட்ட பேச்சை நேற்று விட்ட இடத்திலிருந்தே தொடங்குவான். "அதாங்கா, இன்னா ஆச்சின்னா..." என்பான். எது என்ன ஆச்சு என்று இவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி, தப்பைக் கண்டால் சொல்லாமல் இருக்க முடியாது. கேட்டால்தான் சொல்வது என்பது அவன் ஜாதகத்திலேயே இல்லை. கல்லூரிக்கு ஒரு பெரிய கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது, எல்லாரும் பரீட்சை எழுதினார்கள். இவன் எழுதிக் கொடுத்துவிட்டு, "பதினேழாவது கேள்விக்கு நாலு விடையும் தப்பு சார்" என்று அதிகாரியிடமே போய் நின்றான். அவன் கூட்டாளிகள் மகேஷுக்கும் சரிதாவுக்கும் சிறுசேரியில் வேலை கிடைத்தது. இவனுக்குக் கிடைக்கவில்லை. "பதினேழாவது கேள்வி தப்புதாங்கா. வூட்டுக்குப் போயி மறுபடி போட்டுப் பாத்தேன்" என்று ரத்தினபாயிடம் நிம்மதியாகச் சொன்னான்.

இந்த மூன்று பேரும் சேர்ந்துதான் கடைசி வருஷ ப்ராஜெக்ட் செய்யவேண்டும். மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ரத்தினபாய்க்குத் தெரியும். அவரிடம்தானே பிரிண்ட் போட வருவார்கள். நூலக நிர்வாகம், மருத்துவமனை நிர்வாகம் என்று கடையில் ரெடியாக விற்பதை வாங்கி, பெயரை மாற்றி, தடித்தடியாக பைண்டு பண்ணிக்கொண்டு போவார்கள். பாலகுரு மட்டும் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு மென்பொருள். எந்தெந்தத் தேசத்திலோ இருக்கிறவர்கள் கூலி இல்லாமல் சேர்ந்து எழுதுகிறார்களாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.

ரத்தினபாய் அதைத் தன் கணக்கில் புரிந்துகொண்டார். சபையில் அசன விருந்து நடக்கும்போது ஊரே கூடிச் சமைக்கும் இல்லையா? ஒருவர் வெங்காயம் உரிப்பார், ஒருவர் விறகு தள்ளுவார். யாருக்கும் சம்பளம் இல்லை. ஆனால் அண்டாவில் எதைப் போடுவதானாலும் உப்பு பார்க்கிற ஓர் ஆளைக் கேட்டுத்தான் போடவேண்டும். இந்த மென்பொருளுக்கும் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் அப்படி உப்பு பார்க்கிற ஆள் ஒருவர் இருந்தார். பாலகுரு அனுப்புவதை எல்லாம் அவர், இது சரியில்லை, அது சரியில்லை என்று திருப்பி அனுப்புவார். இவன் தலையைச் சொறிந்துகொண்டே மறுபடி எழுதுவான்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லை. "அக்கா, நீங்க ஒக்காந்து போட்டுப் பாருங்க" என்று ரத்தினபாயை நாலாம் நம்பரில் உட்காரவைத்தான். திரையில் ஒரு வட்டம், எட்டுத் துண்டாக வெட்டியிருந்தது. இரண்டு துண்டுக்கு நீலச் சாயம். எவ்வளவு என்று கேட்டது. ரத்தினபாய் நிதானமாக எட்டில் இரண்டு என்று போட்டார். சிவப்பாக ஒரு பட்டை வந்து, "தவறு. மீண்டும் முயற்சி செய்" என்றது.

ரத்தினபாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன்டா, எட்டுத் துண்டு கண்ணு முன்னால இருக்கு. ரெண்டுக்குச் சாயம் அடிச்சிருக்கு. பாத்ததத்தானே போட்டேன், இதுல என்னடா தப்பு?"

சுருக்கி, நாலில் ஒன்று என்று போட்டால்தான் அது ஒப்புக்கொள்ளும் என்றான் பாலகுரு.

"சுருக்குன்னு கேட்டா சுருக்கியிருப்பேன். எவ்வளவுன்னு கேட்டுட்டு, சரியா சொன்னவளத் தப்புங்கிறதா? நல்லா இருக்கு உன் கணக்கு" என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி நறுக்கப் போய்விட்டார்.

ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொல்லி மறந்தும் போனார். அவன் மறக்கவில்லை. அடுத்த நாள், "அதாங்கா, நீங்க சொன்னது கரீட்டு" என்று நுழைந்தான். அன்றிலிருந்து மூன்று பேருடைய வேலையும் அந்த எட்டில் இரண்டில் மாட்டிக்கொண்டது. உப்பு பார்க்கிற ஆள், அது அப்படித்தான் இருக்கவேண்டும், வாத்தியார்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று எழுதினார். இவன் இல்லை என்று எழுதினான். அவர் எழுத, இவன் எழுத, பொங்கல் போனது, மாசி மகம் போனது. கடைசியில், சரிக்கும் தவறுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பதிலை வைக்க இருவரும் ஒப்புக்கொண்டார்கள். "சரிதான். இன்னும் சுருக்க முடியுமா, பார்." இதைச் சொல்லவைக்க மூன்று மாதம்.

மகேஷ் ஒரு நாள் நேராக ரத்தினபாயிடம் வந்து உட்கார்ந்தான். "ஏன் ஆன்ட்டி, அவன்கிட்ட போய் நீங்க எதுக்கு வாயக் குடுத்தீங்க?" என்றான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவன் அப்பா வேலை பார்த்த தோல் கம்பெனி மூடி இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் தங்கை இருக்கிறாள். ஜூலை இரண்டாம் தேதி சிறுசேரியில் வந்து சேரவேண்டும் என்று கம்பெனி கொடுத்த கடிதத்தை, அவன் அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். ப்ராஜெக்டில் தேறாவிட்டால் அது வெறும் காகிதம். ரத்தினபாய்க்குக் குற்றவாளி மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து மகேஷின் பெயரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஏப்ரலில் ரிப்போர்ட் அச்சடிக்கிற நாள் வந்தது. அந்த மாதம் முழுக்கக் கடையில் பிரிண்டர் ஓயாது. ரிப்போர்ட் கனமாக இருக்கவேண்டும் என்று அவர்களுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். மகேஷ் முந்நூற்று இருபது பக்கம் கொண்டுவந்தான். அந்த மென்பொருளின் உள்ளே இருக்கிற எழுத்து முழுவதையும் பின்னால் சேர்த்திருந்தான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அறுபதோ எழுபதோ பக்கம் ஓடியிருக்கும். பாலகுரு வந்தான். ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரிலிருந்து தாள்கட்டை அப்படியே உருவிவிட்டான்.

"இது நாம எழுதுனது இல்லியே" என்றான்.

"எவன்டா பாக்கப் போறான்? கனம்தான்டா பாப்பாங்க" என்றான் மகேஷ்.

"நம்மளது இருநூத்திப் பதினாலு வரி. அத்த மட்டும் போடு."

அது மட்டும் போதாதென்று, முதல் பக்கத்தில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தான். பாலகுரு, இருநூற்றுப் பதினாலு வரி. சரிதா, தமிழில் மொழிபெயர்த்த முந்நூற்று நாற்பது வாசகம். மகேஷ் என்று எழுதி, எதிரே வெறும் கோடு.

மகேஷ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று ரத்தினபாய் நினைத்தார். அவன் குரல் இறங்கிப்போயிற்று. "மச்சான், ஏதாவது போடுடா. சோதனை செய்தான்னாவது போடு."

"செஞ்சியா?"

"இல்ல."

"நாலு வரி எழுது, போடறேன். இன்னும் நாளு கீது."

சரிதாதான் நடுவில் விழுந்து, அந்தப் பட்டியலே வேண்டாம் என்று அந்தப் பக்கத்தை எடுக்கவைத்தாள். நாற்பத்து நாலு பக்கத்தில் ரிப்போர்ட் முடிந்தது. பைண்டு பண்ணிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை கனம்கூட இல்லை. பேராசிரியர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நேர்முகத் தேர்வில் உங்கள் பாடு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

நேர்முகம் அந்த மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். அன்று மத்தியானம் மகேஷ் கடைக்குள் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னான்.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. ஒல்லி ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளித்தவர், எட்டில் இரண்டு போட்டுப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த மூன்றாவது பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. என் பேத்திக்கு இது வேண்டும் என்றுகூடச் சொன்னாராம். பேனாவைத் திறந்து மதிப்பெண் தாளில் வைத்துவிட்டார். அப்போதுதான் பாலகுரு, "சார், ஒண்ணு சொல்லணும்" என்றிருக்கிறான். பக்கத்தில் நின்ற சரிதா அவன் காலை மிதித்தாள். மிதித்தும் பிரயோஜனம் இல்லை.

காலையில் பஸ்ஸில் வரும்போது அவனுக்குத் தோன்றியதாம். ஒன்றேகால் என்று ஒரு பிள்ளை எப்படிப் போடும்? ஒன்று போட்டு, கொஞ்சம் இடம் விட்டு, நாலில் ஒன்று போடும். இவன் எழுதிய வரிகள் அந்த இடத்தை அழித்துவிட்டு, நாலில் பதினொன்று என்று படித்துவிடும். படித்துவிட்டு, தவறு என்று சொல்லும். முன்பு இந்தக் கோளாறு இல்லை. இவன் கை வைத்ததால் வந்தது. அதை அவனே தேர்வாளர் முன்னால் போட்டுக் காட்டினான். சிவப்புப் பட்டை வந்தது. தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். வேலை செய்யாத ஒன்றை எதற்குக் கொண்டுவந்தீர்கள், வியாழக்கிழமைக்குள் சரிசெய்து கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நவம்பரில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். நவம்பரில் சிறுசேரி இருக்கும், வேலை இருக்காது.

"அவர் கேக்கவே இல்ல ஆன்ட்டி. பேனாவ வச்சிட்டாரு" என்று மகேஷ் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ரத்தினபாய் சாதுவான மனுஷி. யாரையும் அதட்டி அவருக்குப் பழக்கமில்லை. பாலகுரு, "அதாங்கா, இன்னா ஆச்சின்னா" என்று உள்ளே வந்தபோது, "ஒண்ணும் சொல்லாத. பேசாம உட்காரு" என்று வாழ்நாளில் முதல்முறையாகக் கடையில் குரலை உயர்த்தினார். மூன்று பேருக்கும் மூன்று நாள் நாலாம் நம்பரை ஒதுக்கிக் கொடுத்தார்.

முதல் நாள் பூராவும் பாலகுரு, எல்லாவற்றையும் அடியிலிருந்து மாற்றி எழுதவேண்டும் என்றான். இரண்டாம் நாளும் அதையே சொன்னான். மகேஷ் அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியை அவனோடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். "எந்திரி. நான் எழுதுறேன்" என்றான். வருஷம் முழுக்க ஒரு வரி எழுதாதவன் கோபத்தில் எழுத ஆரம்பித்தான். பாலகுரு தன் வழக்கப்படி அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். வாயைத் திறக்கும்போதெல்லாம் சரிதா ஒரு முறுக்கை நீட்டினாள். மகேஷ் எழுதினான், அழித்தான், கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு "சாரி ஆன்ட்டி" என்றான், மறுபடி எழுதினான். ரத்தினபாய் மேஜையில் உட்கார்ந்தபடி, வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் அந்தக் கோவளத்துப் பிள்ளையின் வாயைக் கட்டிப்போடும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டார். புதன் சாயங்காலம் மகேஷ் ஒன்றேகால் போட்டான். பச்சைப் பட்டை வந்தது.

அந்தப் பட்டியல் பக்கத்தை மறுபடி அச்சடிக்கச் சொன்னவன் மகேஷ்தான். "என் பேருக்கு நேரா பன்னண்டு வரின்னு போடு" என்றான். பாலகுரு எண்ணிப் பார்த்தான். "பதினொண்ணுதான்டா. ஒண்ணு வெறும் அடைப்புக்குறி" என்றான். மகேஷ் அடிக்கவே கையை ஓங்கிவிட்டான். பாலகுரு அசரவில்லை. போய் உட்கார்ந்து தன்னுடையதையும் எண்ணி, அடைப்புக்குறிகளைக் கழித்து, இருநூற்றுப் பதினாலை இருநூற்று இரண்டாகக் குறைத்துப் போட்டான். "இப்ப கரீட்டு" என்றான்.

வியாழக்கிழமை தேர்வாளர், யார் சரிசெய்தது என்று கேட்டார். மகேஷ் முன்னால் வந்தான். ஒவ்வொரு வரியாகக் கேட்டார். பதினொரு வரிக்கும் பதில் சொன்னான். எழுதிய கை வலி இன்னும் போகவில்லையே, மறக்குமா? மூன்று பேரும் தேறினார்கள். மகேஷுக்கும் சரிதாவுக்கும் நல்ல மதிப்பெண். பாலகுருவுக்கு மூவரிலும் குறைவு. தேர்வாளர் திங்கட்கிழமைக் கோபத்தை அவன் பேரில் இறக்கிவிட்டார் போலிருக்கிறது. போன் பண்ணிச் சொன்ன சரிதா, அவன் வாயையே திறக்கவில்லை என்றும் சொன்னாள். வாயை அடக்கிக்கொண்டு இருந்தானா, சொல்லுவதற்கு ஒன்றும் இல்லையா என்று ரத்தினபாய் விசாரிக்கவில்லை. முழங்கால் போட்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

ஜூலை இரண்டாம் தேதி மகேஷ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்து காட்டிவிட்டுப் போனான். அவனும் பாலகுருவும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

பாலகுருவுக்கு ஆகஸ்டில்தான் வேலை கிடைத்தது. பெங்களூரில் எட்டுப் பேர் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனி. ரயிலுக்குப் போகிற வழியில் தோள்பையோடு மாடியேறி வந்தான். சொல்லிக்கொள்ளத்தான் வந்திருக்கிறான், ஆனால் எப்படிச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரத்தினபாய் அவன் நெற்றியில் சிலுவை போட்டார். ஏப்ரலிலிருந்து மனதில் அடக்கிவைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

"அவர் பேனாவ வச்சிட்டாரு. அப்புறமா நிதானமா திருத்திக்க நாள் இருந்துச்சு. மகேஷ் வீட்டு நெலமையும் உனக்குத் தெரியும். கேக்காதத நீயா எதுக்குடா சொன்னே?"

பாலகுரு பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"நான் சொல்லலன்னா, ஒண்ணேகால் போடற அந்தப் புள்ள சொல்லாதுக்கா. மெசினு தப்புன்னு அதுக்கு இன்னா தெரியும்? தாந்தான் தப்புன்னு நெனச்சிகினு, கரீட்டா போட்டத அழிச்சிடும்."